பந்தி இல்லாத கல்யாண வீடியோ

பேசிக்கொண்டே இரண்டடி பின்னால் போய்விடுவார் ஹிதாயத்துல்லா. டீக்கடையில் அவரிடம் நலம் விசாரிக்கப் போனால், நாம் முன்னே போகப் போக அவர் பின்னே நகர்ந்துகொண்டிருப்பார். முதுகுக்குப் பின்னால் சைக்கிள் வருகிறதா, சாக்கடை இருக்கிறதா என்று திரும்பியே பார்ப்பதில்லை. எப்படித் தப்பிக்கிறாரோ! ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, லேசா இங்கன திரும்புங்க, மூஞ்சில நெழலு விழுது" என்பார். கையில் கேமரா இருக்காது, டீ கிளாஸ்தான் இருக்கும். இத்தனை வருஷமாகக் கல்யாண ஜோடிகளுக்கு முன்னால் பின்புறமாகவே நடந்து பழகிவிட்டார், பாவம்.

கோவில்பட்டியில் அவர் கடைக்கு 'பிர்தௌஸ் வீடியோஸ்' என்று பெயர். மகள் பிறந்தபோது வைத்தது. அந்த மகள் ஜன்னதுல் பிர்தௌஸ் இப்போது காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு வந்து, கடைப் பலகையிலிருந்து தன் பெயரைத் தானே கழற்றிப் போட்டுவிட்டாள். நல்ல கல்யாணமெல்லாம் மதுரை ஸ்டுடியோக்களுக்குப் போய்க்கொண்டிருந்ததால் அவரும் மறுக்கவில்லை. புதுப் பெயர் 'கரிசல் பிரேம்ஸ்'. கறுப்புப் பலகை, மெல்லிசாக வெள்ளை எழுத்து. மாட்டிய அன்றே ஒரு வெள்ளாமைச் சம்சாரி உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன பாய், உரக்கடை ஆரம்பிச்சிட்டியளா?" என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார் மனுஷர். பெயர் மாறி என்ன, ஊர்க்காரர்களின் செல்போனில் அவர் இன்றைக்கும் 'வீடியோ பாய்'தான்.

பெயரோடு சட்டங்களும் மாறின. கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லக் கூடாது. ரோஜாப் பூவுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பந்தியை எடுக்கவே கூடாது. "வாய்ல சோத்தோட இருக்கவியள எதுக்கு வாப்பா எடுக்குதீங்க, அது படமா, அட்டென்டன்ஸான்னு கேக்கா மவ. கேட்ட பெறவு எனக்கே வெக்கமாப் போச்சு" என்றார்.

புதுப் பெயரில் எடுத்த முதல் கல்யாணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் நானும் தொற்றிக்கொண்டேன். விளாத்திகுளத்துக்கு அப்பால் ஒரு கிராமம். மகளைக் கட்டிக்கொடுத்த சீனித்தாய் வீடு. டிவியில் பென்டிரைவைச் செருகியதும் வீடே கூடிவிட்டது. கொலுசு தெரிந்தது, மெதுவாக அட்சதை விழுந்தது, ஆகாயத்திலிருந்து பந்தல் தெரிந்தது, முடிந்துவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லோரும் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்புட்டுதானா பாய்? பந்தி எங்கன?" என்றார் சீனித்தாய்.

"இது புது மாதிரிக்கா..."

"எங்க அண்ணன் வந்திருந்தாவளே பாய்."

வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தங்கச்சாமி. தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டார். மணவறையிலிருந்து சீனித்தாய் இறங்கி வருவதற்குள் போயும்விட்டார். சாப்பிட்டார் என்கிறார்கள் சிலர், வாசலோடு திரும்பிவிட்டார் என்கிறார்கள் சிலர்.

"சாப்பிட்டிருந்தா கோவம் தீந்துட்டுன்னு அர்த்தம். இல்லன்னா ஊருக்காக வந்துட்டுப் போயிருக்காவ. அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல பாய்."

"போனப் போட்டுக் கேக்க வேண்டியதுதானே" என்றார் அவர் புருஷன் செல்லத்துரை.

"சாப்பிட்டியளான்னு கேட்டா, நம்பலையாக்கும்னு அடுத்த கோவம் வந்துரும். நீங்க சும்மா இரிங்க."

ஹிதாயத்துல்லாவின் முகம் செத்துவிட்டது. "பந்தி எடுக்கலக்கா" என்றார். சீனித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஹிதாயத்துல்லா, "மேல பறக்க விட்டு எடுத்தது வெட்டாம அப்டியே கெடக்கு. பாப்பமாக்கா?" என்று தயங்கிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார்.

நீலப் பந்தல். சுற்றிலும் வெறும் தலைகள். "எல்லாரும் எள்ளு மாரில்லா தெரியுதாவ" என்றார் செல்லத்துரை. வாசல் வந்தது, வைக்கோல் படப்பு வந்தது, பின்பக்கம் பந்திக் கொட்டகை வந்தது.

"நிறுத்துங்க பாய்!"

கொட்டகையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. தோளில் சிவப்புத் துண்டு. முகம் தெரியவில்லை. இடது காலை லேசாக இழுத்து நடந்தது. வலது கையைச் சட்டையில் படாமல் விலக்கி, விரல்களைக் குவித்துப் பிடித்தபடி தண்ணீர் டிரம்முக்குப் போனது.

"எங்க அண்ணன் நடைதான்! எச்சக்கை பாய்! எச்சக்கையோட வாராவ பாருங்க!"

சீனித்தாய் சிரித்தார். சிரிக்கும்போதே அழுதும்விட்டார். செல்லத்துரை போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

ஹிதாயத்துல்லா படத்தைப் பின்னால் இழுத்து, அந்த ஆள் கொட்டகையை விட்டு வரும் இடத்திலிருந்து ஓட விட்டார். கை கழுவி முடிந்ததும் மறுபடி இழுத்து விட்டார். பக்கத்தில் காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இழுக்கும் பொத்தானிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை.