பொட்டு ஒட்டிய பட்டன்

அந்தக் கருவி எங்கள் கடைக்கு வந்தபோதே அதற்குப் பாதி உயிர்தான் இருந்தது. டோல்கேட் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நான் வேலை பார்க்கிறேன். இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற பழைய வீடியோ கேம் அது. பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து கிடந்தது. கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. "குப்பைக்குத்தான் போவுது, வேணும்னா எத்துகினு போம்மா" என்றார் முதலாளி. குப்பை என்று யாராவது சொன்னால்தான் எனக்கு ஒரு பொருள்மேல் ஆசையே வரும். அன்றைக்கே பையில் போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்காகத்தான். அவர் விசைப்படகு டிரைவர். காசிமேட்டிலிருந்து கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் கடலில்தான் குடித்தனம். கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விடும். ஏற்றிவைத்த படத்தையாவது பார்க்கலாம் என்றால், ஈரக் கையும் மீன் செதிலுமாகத் தொட்டால் டச் ஸ்கிரீன் எங்கே கேட்கிறது? ஆத்திரத்தில் குத்திக் குத்தியே ஒரு போனை உடைத்தார், இன்னொன்றைக் கடலுக்குக் கொடுத்தார். பட்டன் வைத்த கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. தடை முடிந்து முதல் முறை கிளம்பும்போது படமும் பாட்டுமாக நிரப்பிக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

புது பேட்டரி போட்டதும் கருவி விழித்துக்கொண்டது. ஆனால் அதிலேயே வந்த பிளேயர் சரியான மாமியார். இந்த அளவு, இந்த வகை ஃபைல் என்றால்தான் உள்ளே விடும்; நம்மிடம் இருக்கிற படம் ஒன்றைக்கூட ஏறிட்டுப் பார்க்காது. அதனால் வேறு வழிக்குப் போனேன். இந்த மாதிரிக் கருவிகளுக்கென்று கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதி இனாமாக விட்ட பிளேயர்கள் நெட்டில் உண்டு. எந்தப் படத்தையும் முகம் சுளிக்காமல் ஓட்டும். அதை உள்ளே குடியேற்றத்தான் எனக்கு நாக்குத் தள்ளியது. முதலில் கருவியின் பூட்டைத் திறக்க ஒரு சின்ன புரோகிராம், அதன் பிறகு பிளேயர். போட்டேன். ஃபைல் கெட்டுவிட்டது என்றது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பாட்டு. கடைசியில் பார்த்தால் நெட்டிலிருந்து சுருக்கி வந்த ஃபைலைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. ஊரார் போனையெல்லாம் சரி செய்கிறவள் இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டை விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வெளி ஃபோல்டரைத் தூக்கி எறிந்ததும் படம் ஓடியது.

எந்தப் பட்டன் எதற்கு என்பதைப் பிளேயரில் நாமே வைத்துக்கொள்ளலாம். பாட்டு மட்டும் கேட்கும்போது பேட்டரி மிச்சமாகட்டும் என்று, திரையை அணைக்க ஒரு பட்டன் வைத்தேன். ஒரு அழுத்து அழுத்தினால் சத்தம் இருக்கும், திரை அணைந்துவிடும். படம் போடுகிற பட்டனைக் கண்டுபிடிக்க அதன்மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். அவர் கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது நல்லாகீது மே. பாக்கவே வேணாம், தடவுனாலே தெரியுது" என்றார்.

பொண்டாட்டியின் மூளையைப் புகழ்கிறார் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன்.

மறுநாள் காலை ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் குழம்பு வைக்கப் போனேன். காலடிப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டில் சமையல் கட்டிலிருந்து நான்கு எட்டு வைத்தால் ஜன்னல். அங்கே குந்தி, இயர்போன் மாட்டிக்கொண்டு, கருவியை முகத்துக்கு நேரே பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் உழைப்பு வீண் போகவில்லை என்று கரண்டியோடு பின்னால் போய் நின்றேன்.

திரை கருப்பாக இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது, அதற்கு மேலே என் முகம். வேறொன்றும் இல்லை.

என்னைச் சீண்டி விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பக்க இயர்போனை இழுத்துவிட்டு, "படம் எப்டிகீது?" என்றேன்.

"சோக்கா கீது. கலர்லாம் அப்டியே அள்ளுது."

"இப்ப இன்னா நடக்குது?"

"அந்த குண்டன் கடக்காரன் கைல மாட்டிகினு முயிக்கறான் பாரு."

பார்த்தேன். குண்டனும் இல்லை, கடைக்காரனும் இல்லை. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"யோவ், ஸ்கிரீன் ஆஃப்ல கீதுய்யா. கை பட்டு அணைஞ்சிகீது."

அவர் சிரிப்பு நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மிசினுதானா? என் கண்ணு இல்லியா?"

கேட்டுவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தப்பித்தவர் போலத் தொடையில் தட்டிக்கொண்டார். "சட்டுனு கருப்பாச்சா, சரி, அதுவும் பூட்ச்சின்னு நெனச்சிகினேன்."

"இன்னாய்யா அது, அதுவும்?"

வாயை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நான் விடவில்லை. திரையைப் போட்டு முகத்துக்கு நேரே நீட்டினேன். வெளிச்சம் தெரிகிறது என்றார், ஆள் அசைவது தெரிகிறது என்றார், முகம் தெரியவில்லை என்றார். இடது கண் பல மாதமாகவே புகை மூட்டமாம். வலது கண்ணில் நடுவில் மட்டும் மை கொட்டின மாதிரி ஒரு கருப்பு. சர்க்கரை மாத்திரையை அவர் ஒழுங்காகப் போடாதது எனக்குத் தெரியும். கண்ணுக்கு வந்தது தெரியாது. ஒரே பாயில் படுக்கிறவளுக்கு ஒரு மனுசன் இதை எப்படி மறைக்க முடியும்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

"இத்த வெச்சிகினா போட் ஓட்ன?"

"ஒன் தம்பி பக்கத்துல கீறான் இல்ல."

என் தம்பி அதே படகில் வலை இழுக்கிறவன். போன வருடம் முதல் அவனைக் கூப்பிட்டு ஸ்டியரிங் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஜிபிஎஸ் திரையில் வருகிற எண்ணையெல்லாம் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மச்சானுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார், அடுத்த டிரைவர் அவன்தான் என்று நான் தெரு முழுக்கப் பெருமை பேசினேன். அதற்காகவே வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போட்டேன். அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறார்.

இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. எண்ணூருக்கு நேரே நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்றை நெருங்கும் நேரத்தில் தம்பி "மாமா, கப்பலு!" என்று கத்தினானாம். இவர் ஸ்டியரிங்கை ஒடித்தாராம். இதை இதே வீட்டில் சோறு தின்றுகொண்டே கதையாகச் சொன்னார். "பையனுக்கு கயுகுக் கண்ணு மே" என்றார். தம்பி வெட்கப்பட்டான். நானும் சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். அந்தப் படகில் எத்தனை வீட்டு ஆம்பளைகள்! அதில் ஒருவன் என் அம்மா வயிற்றில் பிறந்தவன், ஒருவர் என் கழுத்தில் தாலி கட்டியவர்.

அவர் கெஞ்சினார். "ஓனருக்குத் தெரிஞ்சா எறக்கி வுட்ருவாரு. வேற தொயில் எனக்கு இன்னா தெரியும்? தட முடிஞ்சி ஒரே ஒரு ட்ரிப்பு மே. அப்பால நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கி வரேன்."

"அந்த ஒரு ட்ரிப்புல தான்யா மோதும்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் டிரைவர் ஆவப்போறேன்னு எல்லார் கைலயும் சொல்லிகினு இருந்தேங்க்கா" என்றான். மாமா மேல் கோபப்படுவான் என்று நினைத்திருந்தேன். அவன் அழுதுவிட்டான். அன்றைக்கே அவனை இட்டுக்கொண்டு போய் ஓனரிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் அவரைக் கடலில் தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தம்பியிடம் சொன்னாராம்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். உள்ளே ரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறது, இடது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலது கண்ணில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். காப்பாற்ற முடியும் என்று அவர் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

தடை முடிந்த அன்று படகுகள் போயின. எங்கள் படகு வேறு டிரைவரோடு போனது. தம்பி பழையபடி வலை இழுக்கப் போனான். நாங்கள் காசிமேட்டுப் பக்கமே போகவில்லை. இவர் காலையிலிருந்து ஜன்னல் ஓரமே குந்தியிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. அப்புறம் அவராகவே, "அந்த மிசின எடு" என்றார். பேச்சை நிறுத்திய பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கொடுத்தேன். பொட்டைத் தடவிப் படத்தைப் போட்டார். அதே சிரிப்புப் படம்.

"அன்னிக்கி கை பட்டுச்சே, அந்தப் பட்டன் எது?"

அவர் கட்டை விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்தார். "இதுலயும் ஒண்ணு ஒட்டு" என்றார். கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பொட்டு ஒன்றை எடுத்து வந்து ஒட்டினேன். உடனே அதை அழுத்தினார். திரை அணைந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ சிரித்தார்கள்.

"இன்னாத்துக்குயா அணைச்ச?"

"இப்ப தெரியலன்னா, நான் அணைச்சதால தெரியல" என்றார்.