நாளைக்கு ஆகாதது

என் மேசை இழுப்பறையில் மரச்சட்டம் போட்ட சிலேட்டு ஒன்று கிடக்கிறது. நடுவே ஆணியால் கீறிய கோடு. இடப்பக்கம் நாளைக்குத் தள்ளிப்போட்டாலும் ஆகும் காரியங்கள், வலப்பக்கம் அப்படி ஆகாதவை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கடலூரில் நான் தந்தி குமாஸ்தாவாக இருந்தபோது புதிதாக மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டருடையது அது. ரயில் எத்தனை மணி தாமதம் என்பதை மேலிடம் பார்த்துக்கொள்ளும், அதனால் யாருக்கு என்ன போகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மனிதருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று நாங்கள் சிரித்ததுண்டு.

அந்தக் கார்த்திகை மழையில் ஆலப்பாக்கத்துக்கு அப்பால் தண்டவாளத்தைத் தண்ணீர் மூடிவிட்டது. காலையில் வந்த திருச்சி வண்டி எங்கள் பிளாட்பாரத்திலேயே நின்றது. தண்ணீர் வடிந்து பாதையைச் சோதிக்கும்வரை நிறுத்தி வைத்தால், இரவுக்குள் அதே வண்டி சிதம்பரம் வழியாகப் போகும். விருத்தாசலம் வழியாகத் திருப்பிவிட்டால் திருச்சிக்காரர்கள் பொழுதோடு போய்ச் சேருவார்கள், சிதம்பரத்துக்காரர்கள் இறங்கி மறுநாள் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். எது தேவலை என்று மேலிடத்திலிருந்து தந்தியில் கேட்டார்கள்.

மாஸ்டர் சிலேட்டோடு பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சிதம்பரத்தில் வேண்டுதல் பாக்கியிருந்த ஒரு தம்பதி, "சாமி எங்க போயிடப் போறாரு, நாளைக்குப் பாத்துக்கிறோம்" என்றார்கள். பரங்கிப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர், துணி கெட்டுப்போகாது என்றார். திருச்சிப் பக்கம் அப்படியில்லை. ஒரு சிப்பாய்க்கு மறுநாள் காலையோடு லீவு முடிகிறது. ஓர் அம்மாள் மகளின் பிரசவத்துக்குப் போகிறாள். வலப்பக்கத்தில் விழுந்த இரண்டு வரியும் திருச்சிக்கே.

கடைசியில் என்னிடம் திரும்பினார். "நீயும் இந்த வண்டியில சிதம்பரம் போறதாதான லீவு எழுதியிருக்க? என்ன வேலைய்யா?"

"சும்மாதான் சார், ஊருக்கு."

மறுநாள் காலை சிதம்பரம் கீழ வீதியில் என் ஒரே தங்கைக்குக் கல்யாணம். அவள் கையில் பொரி அள்ளிப் போட உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். வீட்டு விசேஷத்துக்காக ரயிலை நிறுத்தியவன் என்று பேசுவார்களே என்ற கூச்சம் எனக்கு. சிலேட்டு பிரயாணிகளுக்குத்தான், சம்பளக்காரனுக்கு இல்லை என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். திருப்பிவிடலாம் என்று அவர் சொல்ல, அந்தத் தந்தியை அடித்தது என் கைதான்.

சாலையும் மூழ்கி பஸ் நின்றுபோயிருந்தது. சாயங்காலமே தண்டவாளம் சரியாகிவிட்டது, போகத்தான் வண்டி இல்லை. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பொரி போட்டவன் பெரியப்பா மகன், மச்சான் மோதிரமும் அவன் விரலில் இருந்தது. அந்த அம்மாளின் மகளுக்கு நல்லபடியாகப் பிறந்ததா என்பது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து தாம்பூலப் பையை நான் நீட்டியபோதுதான் மாஸ்டருக்கு விஷயம் தெரிந்தது. சிலேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "சொல்லியிருந்தா வண்டிய நிறுத்தியிருப்பேனோ என்னவோ. எழுதியாவது இருப்பேன்யா" என்றார். மாற்றலாகிப் போகும்போது சிலேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது என் மகளுக்கு விமானக் கம்பெனியில் இதே வேலை. பனிமூட்டத்தில் விமானம் காத்திருக்கலாமா, வேறு ஊருக்குத் திருப்பலாமா என்று கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடுகிறது. ஓட்டுகிறவர் வீட்டில் விசேஷம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கணக்குல வராதுப்பா" என்றாள். எங்கள் கணக்கிலும் வரவில்லை.

போன மாதம் தங்கையின் பேத்திக்குக் கல்யாணம். பொரி போடும் நேரத்தில் தங்கை பக்கத்திலிருந்தவர்களிடம், "என் கல்யாணத்துக்கு எங்க அண்ணனால வர முடியல, வெள்ளம் மறிச்சிடுச்சி. பாவம், அவுரு என்ன பண்ணுவாரு" என்றாள். ஐம்பது வருஷமாக அவள் சொல்வது இதுதான். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டைத் துடைத்து, வலப்பக்கத்தில் 'தங்கைக்குப் பொரி' என்று எழுதினேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படித்து அவள் தெரிந்துகொள்ளட்டும்.