செஸ்டர்ஃபீல்டில் வாசித்தவர்

கிளைவ் ஸ்டானிஃபோர்த் மேடையில் நின்ற பதினோரு வருடமும் அவருடைய கீபோர்டுக்கு வயரே சொருகப்படவில்லை என்று ஷெஃபீல்டில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. இந்த மாதிரிப் பேச்சு சம்பந்தப்பட்டவர் காதுக்குக் கடைசியாகத்தான் வரும். கிளைவுக்கு அது வந்து சேர்ந்த இடம் அவருடைய சொந்தக் கார். கொண்டுவந்தவர், ஐம்பத்திரண்டு வயதில் நான்காம் முறையாக ஓட்டுநர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நர்ஸ் பெவர்லி.

"என் கொழுந்தனார் சொன்னாரு. நீங்க சும்மா விரலை ஆட்டிட்டு நின்னீங்களாம். தப்பா எடுத்துக்காதீங்க கிளைவ், ஆட்டினது பாக்க நல்லா இருந்துச்சாம்."

சொல்லிக்கொண்டே பெவர்லி ஒரு லாரியின் எதிரே காரைத் திருப்பப் போனார். கிளைவ் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. தானே நிறுத்திவிட்ட திருப்தியில் பெவர்லி தலையை ஆட்டிக்கொண்டார். கிளைவும் வழக்கம்போல "நல்லா நிறுத்தினீங்க" என்றார். இருபது வருடமாக ஓட்டுநர் பயிற்சியாளரான அவர் பிழைப்பே இதுதான். அதனால்தான் அந்தப் பேச்சு அவரைத் தைத்தது. ஒருவருக்கே தெரியாமல் அவர் வேலையை இன்னொருவர் செய்துவிட முடியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'டர்பைன் ஹால்' என்ற அந்தக் குழு 1978இல், மூடிப்போன ஒரு கத்திப் பட்டறையின் மாடியில் ஆரம்பமானது. வரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மால்கம் பிரியர்லி தலைவர். பாடுவதற்கு மால்கமின் அத்தை மகன் ஸ்டூவர்ட். கீபோர்டுக்கு கிளைவ். கிதார் கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆகும், பொத்தானை அழுத்த மூன்று நிமிடம் போதும் என்பதே அவர்களுடைய இசைக் கொள்கை. அந்த மூன்று நிமிடத்தில் இரும்பாலை போலச் சத்தம் வந்தது. கிளைவின் அப்பா ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, இந்தச் சத்தத்தைச் சகித்துக்கொள்ளத்தான் எனக்கு ஆலையில் சம்பளம் தருகிறார்கள், நீ என்னடா என்றால் டிக்கெட் போட்டு விற்கிறாய் என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.

முதல் கச்சேரி ஒரு சனிக்கிழமை. கீபோர்டை வைக்க ஸ்டாண்டு இல்லை. பக்கத்து வீட்டு டோரீன் ஆக்ஸ்லியிடம் இஸ்திரி போடும் பலகையைக் கேட்டார் கிளைவ். கச்சேரி முடிந்ததும் சனிக்கிழமையே கொண்டுவந்து தந்துவிடுவதாகச் சொன்னார். தந்தும் இருப்பார். ஆனால் லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு விமர்சகர், மேடையில் அந்தப் பலகை நின்றதை வீட்டுவேலை என்னும் அடிமைத்தனத்தின் மீதான சாட்டையடி என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு பலகையில்லாமல் குழுவை யாரும் மேடையேற்றத் தயாராக இல்லை. டோரீன் சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்துத் துணி தேய்க்க ஆரம்பித்தார்.

குழு வளர்ந்தது. ஒரு பாட்டு விற்பனைப் பட்டியலில் பத்தொன்பதாம் இடம்வரை ஏறி, அங்கே தலை சுற்றி இறங்கியது. தொலைக்காட்சியில் ஒரு முறை தோன்றினார்கள். புகை அதிகமாகப் போட்டதில், கிளைவின் அம்மா மகனை ஷூவை வைத்துத்தான் அடையாளம் கண்டார். ஜெர்மனியில் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அதுதான் அங்கே பாராட்டு என்று மால்கம் விளக்கினார். பிறகு காலம் மாறியது. கிதார் ஒன்று சேர்க்கலாமா என்று மால்கமே கேட்ட அன்றைக்குக் குழு செத்துவிட்டது. 1989இல் முறைப்படி அறிவித்தார்கள். மால்கம் லண்டனில் பிஸ்கட் விளம்பரங்களுக்கு இசை போடப் போனார். ஸ்டூவர்ட் ஸ்பெயினில் வீடு விற்கப் போனார். கிளைவ் ஊரிலேயே இருந்தார்.

இப்போது நகர அருங்காட்சியகம் இந்தக் குழுவுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறது. அங்கிருந்து ஹாரியட் என்ற பெண் போன் செய்து, ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் ஒரு வரி போட வேண்டும், நீங்கள் குழுவில் என்ன செய்தீர்கள், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பெவர்லி வாயைத் திறக்கும்வரை அதற்கு ஒரே சொல்லில் பதில் இருந்தது: கீபோர்டு. இப்போது அந்தச் சொல்லே சந்தேகமாகிவிட்டது. மேடையில் அவர் வாசித்தது அவர் காலடியில் இருந்த ஒலிபெருக்கியில் அவருக்குக் கேட்டது உண்மை. கூடத்துக்குக் கேட்டதா?

முதலில் மால்கமுக்குப் போன் போட்டார். இசை என்பது தனி ஒருவரின் சொத்து அல்ல என்று கால் மணி நேரம் பேசினார் மால்கம். கூடத்துக்குக் கேட்டது என்றால் பதில் ஒரு சொல்லில் முடிந்திருக்கும் என்பது கிளைவுக்குப் புரிந்தது.

மறுநாள் மதியம் பார்ன்ஸ்லிக்குப் போனார். குழுவுக்கு ஒலி பார்த்த ட்ரெவர் அங்கே நகராட்சி வாடகை நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்தார்.

"வயரெல்லாம் சொருகித்தான்டா இருந்துச்சு. அதுல ஒண்ணும் பொய்யில்ல."

"வால்யூம்?"

ட்ரெவர் உருளைக்கிழங்குச் செடியைப் பார்த்தார். "எண்பதாம் வருஷத்துலேர்ந்து பூஜ்யம். மால்கம் வீட்டுலயே உன் பங்கை வாசிச்சு டேப்புல ஏத்திக் குடுத்துடுவான். கூடத்துக்கு அதைத்தான் விட்டேன். உனக்குச் சந்தோஷம் வந்தா வேகம் வந்துடும்டா. தாளம் போடற மிஷின் உன்கூட ஓட முடியாம மூச்சு வாங்கும்."

கிளைவ் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். தான் ஒரே ஒரு தடவை தப்பு வாசித்ததாகச் சொன்னார். எண்பத்துமூன்றில், செஸ்டர்ஃபீல்டில், மூன்றாவது பாட்டு நடுவே இஸ்திரிப் பலகையின் கொக்கி நழுவி, பலகை ஒரு படி கீழே இறங்கிவிட்டது. கை போய் வேறு கட்டைகளில் விழுந்தது. வெட்கத்தில் அடுத்த வேளை சாப்பிடவில்லை. அதுகூட யாருக்கும் கேட்கவில்லை, அப்படித்தானே?

ட்ரெவர் தகரக் கொட்டகைக்குள் போனார். கச்சேரிகளைப் பதிவு செய்த கேசட்டுகள் ஒரு பழைய விதைப் பெட்டியில் இருந்தன. ஒன்றைத் தேடி எடுத்து, பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டரில் வைத்து ஓட்டினார். இரும்பாலைச் சத்தம். ஸ்டூவர்ட்டின் சளி பிடித்த குரல். நடுவே, ஒரு அலமாரி மாடிப்படியில் உருண்டது போல ஓர் அலங்கோலமான ஒலி, தெளிவாக, கூடம் முழுக்கக் கேட்கிற அளவுக்கு. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"இது நான்தான்," என்றார் கிளைவ்.

"நீயேதான். அன்னிக்கு ஆரம்பிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி டேப் அறுந்துபோச்சு. வேற வழியில்ல, உன்னை ஏத்தி விட்டேன். முழுக் கச்சேரியும் நீதான்டா வாசிச்சே."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்குக் கை நடுங்கியிருக்கும்."

"மறுநாளாவது?"

ட்ரெவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "மறுநாள் சொல்லணும்னா, மத்த நாளையும் சேத்துல்ல சொல்லணும்."

கேசட்டை முடியும்வரை இருவரும் கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசிப் பாட்டில் கீபோர்டு லேசாக வேகம் எடுத்தது. மிஷின் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் ஓடியது.

திங்கட்கிழமை ஹாரியட்டிடம் கிளைவ் தன் வரியைச் சொன்னார். "கிளைவ் ஸ்டானிஃபோர்த், கீபோர்டு, செஸ்டர்ஃபீல்டில்." அது பிறந்த ஊரா என்று ஹாரியட் கேட்டதற்கு, இல்லை, அப்படியே போடுங்கள் என்றார். போட்டார்கள். திறப்பு நாளில் பெவர்லி அதை இரண்டு முறை படித்துவிட்டு, கொழுந்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் புரியவில்லை. ஆனால் அச்சில் இருந்ததால் நம்பினார்கள்.

அறையின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் இஸ்திரிப் பலகை நின்றது. 'மால்கம் பிரியர்லியின் சேகரிப்பிலிருந்து' என்று கீழே ஓர் அட்டை. எண்பத்தைந்து வயது டோரீன் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். துணியின் ஓரத்தில் ஒரு பழுப்புத் தீய்ச்சல் இருந்தது.

"இந்தச் சூடு எங்க வீட்டுக்காரர் கல்யாணச் சட்டையைத் தேய்க்கும்போது பட்டது. பலகை என்னோடது, கிளைவ்."

"உங்களோடதுதான்க்கா."

ஹாரியட் ஓடிவந்து, காப்பீடு, ஈரப்பதம், ஒப்பந்தம் என்று மெதுவாக விளக்கினார். உரிமை கோரி மால்கமுக்கு எழுதலாம் என்றார். டோரீன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த மால்கம் யாரோ, நான் அவனைப் பாத்ததே இல்ல. என்கிட்ட வாங்கிட்டுப் போனது இந்தப் பையன்." அறுபத்தேழு வயதுப் பையனின் பக்கம் திரும்பினார். "எப்ப தரே?"

கிளைவ் கண்ணாடியைப் பார்த்தார். நான்கு மூலையிலும் திருகாணி. "சனிக்கிழமை," என்றார்.

"அன்னிக்கும் இதைத்தான் சொன்னே," என்றார் டோரீன். பலகைக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.