அடுக்கம் பாதையில் மாஸ்டர்

எங்கள் கோச் பகலெல்லாம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சமையல் ஆளாக இருந்து, அங்கே ஃபுட்பால் பழகி வந்தவர். கொடைக்கானலில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எங்கே சாவு விழுந்தாலும் குழி வெட்ட மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பார்.

நான் பேக்கரியில் வேலை பார்த்தேன். டீமில் லெஃப்ட் பேக். மற்றவர்கள் லாரி கிளீனர், ஹோட்டல் சமையல்காரர், தோட்டக்காரர். பாதிப் பேருக்கு பூட்ஸ் இல்லை. தோற்றால் மாஸ்டர் திட்டமாட்டார். வரக்காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று அவரவரையே சொல்லச் சொல்வார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. அடைமழையில் மலைச்சாலை சரிந்து பஸ் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்கு வயிற்று வலி. யாரிடமும் சொல்லாமல் வலியோடு மூட்டை தூக்கியிருக்கிறார். கடைசியில் மண்டியிலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து முகம் மாறினார்.

"குடல் சமாச்சாரம், அறுக்கணும். டாக்டர் ரோடு இல்லாம கீழயே மாட்டிக்கிட்டாரு."

"அடுக்கம் ஒத்தையடிப் பாதை வழியா பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு இறங்கிருவோம்" என்றான் எங்கள் கோல்கீப்பர்.

இரண்டு தைலமரக் கழிகளில் கம்பளியைக் கட்டி, வெள்ளனே புறப்பட்டோம். நாலு பேர் சுமக்க, மற்றவர்கள் மாற்றிக்கொள்ள ஆயத்தமாகக் கூடவே வந்தார்கள். செண்பகனூர் தாண்டிப் பாதை செங்குத்தாக இறங்கியது. கால் வழுக்கியது. காலெல்லாம் அட்டை.

"நெட்டையா இருக்கவன் முன்னால வாலே. தலை கீழ எறங்குது பாரு" என்று கம்பளிக்குள்ளிருந்து மாஸ்டர் சொன்னார். இடம் மாறிக்கொண்டோம். அதன்பிறகு முனகல்தான். அதுவும் அடுக்கம் வரும் முன்பே குறைந்துவிட்டது.

அந்த ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கோல்கீப்பர் நிற்கச் சொன்னான். கம்பளியை விலக்கினான். மாஸ்டரின் வாய் திறந்திருந்தது; மழைத்தண்ணீர் உள்ளே விழுந்தும் அவர் விழுங்கவில்லை. யாரும் அழவில்லை. கழியைக் கீழே வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

"இனிமே கீழ போய் என்ன சோலி? மாஸ்டர் வீட்டு அக்கா மேல காத்துக்கெடக்கு" என்றான் கோல்கீப்பர்.

திரும்பி ஏறினோம். ஏற்றத்தில் அவர் கனத்தார். அடுக்கத்து ஆட்கள் சிலர் ஒன்றும் கேட்காமல் வந்து கழிக்குத் தோள் கொடுத்தார்கள்.

பொழுது சாயும் நேரம். மாஸ்டரின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார். தூரத்தில் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து நாலடி முன்னால் வந்தார்.

"என்ன தம்பி, இம்புட்டு வெரசா வந்துட்டீங்க? ரோடு சரியாயிருச்சா?"

கழியின் முன்முனையைப் பிடித்திருந்தது நான். அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கழியைத் தோளிலிருந்து இறக்கினோம். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

குழியை நாங்களே வெட்டினோம். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊற்றெடுத்து நின்றது. தகர டப்பாவால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தோம். அடக்கம் முடிந்த பிறகுதான் சாலை திறந்தது. டாக்டர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாராம்.

மாஸ்டரின் மனைவி பிள்ளைகளோடு மன்னவனூரிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய், பூண்டுக் காட்டில் கூலிக்கு நின்றார். நாங்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போய் நின்று பார்த்தோம். ஆட மனம் வரவில்லை. பிறகு அங்கே போவதையும் விட்டுவிட்டோம்.