சேசிஸுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அப்பா பிள்ளையாரை ஏமாற்றினார். அதற்கு என் கையைத்தான் பயன்படுத்திக்கொண்டார். பிள்ளையார் எப்போதோ மன்னித்திருப்பார். அவருக்கு வயிறு பெரிது. எனக்குத்தான் நெடுநாள் ஆறவில்லை.

தாத்தாவின் பழைய கார் ஒன்று எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அவர் காலமான மறுவருஷம் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து அதைச் சரிபண்ணக் கிளம்பினார்கள். எட்டயபுரம் ரோட்டுப் பட்டறையில் மேல்கூட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேசிஸை, அதாவது காரின் இரும்பு எலும்புக்கூட்டை, நாலு டிரம்மின் மேல் ஏற்றியிருந்தார்கள். துரு சுரண்டி, சிவப்பு பிரைமர் அடித்தாயிற்று. அடுத்தது கறுப்பு. எந்தக் கறுப்பு என்பதில் வந்தது வினை.

பெரியப்பாவுக்குப் பளபளப்புக் கறுப்புதான் வேண்டும். அப்பாவுக்கு மேட், அதாவது பளபளக்காத மங்கல் கறுப்பு. பெயிண்டர் இரண்டையும் உள்ளங்கை அகலத்துக்கு அடித்துக் காட்டினார்.

"பளபளன்னு அடிச்சா மேடு பள்ளம் எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும் அண்ணாச்சி. மேட் அடிச்சா மறைச்சிரும்."

"மறைக்கதுக்கு எங்கப்பா வண்டில என்னவே இருக்கு?" என்றார் பெரியப்பா.

உடனே அந்தக் கதையை எடுத்துவிட்டார். இருபது வயதில் கயத்தாறு ரோட்டில் ஓர் ஆட்டுக்கு ஒதுங்கப்போய் பாலத்துச் சுவரில் காரை மோதியவர் அவர். பாலத்துக்குத்தான் அடி, வண்டிக்கு ஒன்றுமில்லை என்று தாத்தாவே சொன்னாராம். கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு என்று பார்க்காமல் அவர் சொல்கிற கதை அது.

அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத அப்பா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உடும்புப்பிடியாக நின்றார். "அடியில குனிஞ்சு யாருண்ணே பாக்கப்போறா?" என்பதைத் தவிர வேறு காரணமும் சொல்லவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கடைசியில், பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பெண் எடுப்பதா, நிலம் வாங்குவதா என்று மனம் ஒப்பாதபோது எங்கள் வீடுகளில் சாமியிடம்தான் கேட்பார்கள். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி, சாமி முன் குலுக்கிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பளபளப்பு. சிவப்பு அரளி வந்தால் மேட். பொட்டலம் கட்டியது அப்பா. பிள்ளையார் கோயிலில் அதை எடுத்தது நான். பட்டுப்பாவாடை கட்டி, தலைக்குக் குளித்து, காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எடுத்தேன்.

அரளி வந்தது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளையாரு சொன்னா சரிதாம்லே" என்று செருப்பை மாட்டினார். மற்றப் பொட்டலத்தை அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரித்துக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

எனக்கு நந்தியாவட்டை என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். உள்ளே சிவப்பு அரளி.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இதற்கா நான் பட்டினி கிடந்தேன்? பரீட்சையில் எட்டிப் பார்க்கிறவளுக்கு முட்டிபோடச் சொல்கிறார்களே, சாமியிடமே பித்தலாட்டம் செய்பவருக்கு என்ன தண்டனை? அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்ப் பெரியப்பா முன்னால் அதைப் பிரித்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு என்னோடு வந்தார்.

"ஏலே, சாமி முன்னாலயுமா?"

அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தப்புதாண்ணே. பளபளப்பே அடிச்சிருவோம்" என்றார். அவ்வளவுதான்.

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அம்மா என் காதைத் திருகினாள். பித்தலாட்டம் செய்தவருக்கு அப்பளம் பொரித்துச் சோறு. உண்மையைச் சொன்னவளுக்குக் காதுத் திருகல். எங்கள் வீட்டு நியாயம் அப்படி.

பளபளப்புக் கறுப்பு அடித்துக் காய்ந்த காலையில் பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். வெயில் விழுந்த சேசிஸில் என் முகம் தெரிந்தது. பெரியப்பா பெருமையோடு சுற்றிவந்தவர் இடதுபக்கச் சட்டத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு தடித்து, நெளிந்து, தையல் போட்டதுபோல் தெரிந்தது.

"இது என்னலே?"

பெயிண்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க பாலத்துல மோதுனதுல சட்டம் விரிசல் விட்டுப்போச்சுண்ணே. மறுநாள் அப்பாவும் நானுந்தான் வெல்டிங் வச்சோம். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

பெரியப்பா அந்தத் தழும்பைத் தடவினார். "அதுக்குப் பொறவு அப்பா இந்த வண்டிய வெளிய எடுக்கவே இல்லையேலே. பெட்ரோலுக்குக் கஞ்சம்னுல்லா நான் அவியள ஊரெல்லாம் கேலி பண்ணுனேன்" என்றார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அப்பா கூப்பிட்டும் திரும்பவில்லை.

என் கோபம் அப்போதும் தணியவில்லை. வழக்கில் ஜெயித்தது நான். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையே. திரும்பும் வழியில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கோயில் முன் நிறுத்தினேன். "பிள்ளையார்ட்ட மன்னிப்புக் கேளுங்க. பதினோரு தோப்புக்கரணம்" என்றேன்.

அப்பா செருப்பைக் கழற்றினார். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. செய்த தப்புக்கு அழுகிறார், நன்றாக அழட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றுகூடக் குறைந்துவிடாமல் சத்தமாக எண்ணினேன்.