சின்னம்மா ஓடிய அன்று நான் தின்ற களி

களியை மென்று தின்பவர்களை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை. கையில் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். சின்ன வயதிலேயே அந்த வித்தையில் நான் கெட்டிக்காரி. எங்கள் குடும்பத்தில் ஒரு போலீஸ்காரி இருப்பதற்கு அந்த வித்தைதான் காரணம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். சின்னம்மாவும் அதை மறுத்ததில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கல்லூரி முடித்த கையோடு போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டு, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது ஓட்டம். மைதானத்தை ஒரு சுற்று, குறித்த நேரத்துக்குள். மாமாவுக்கு, அதாவது அவர்கள் இருவருக்கும் அண்ணனுக்கு, இதில் துளியும் இஷ்டமில்லை. அரூரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஆனாலும் தங்கையின் அழுகையைத் தாங்காமல் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொண்டார்.

"ஓடிப் பாரு. தேறலன்னா தை மாசம் மறுபேச்சு பேசாம கழுத்த நீட்டிரணும்."

"சரிங்கண்ணா," என்றாள் சின்னம்மா.

அன்றிலிருந்து காலையில் ஏரிக்கரையில் ஓட்டம். வயசுப் பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். என்னைவிடப் பெரிய நாய் ஒன்று வந்தாலே நான்தான் முதலில் அலறுவேன், அது வேறு விஷயம். எனக்கோ தலைகால் புரியாத குஷி. எடுத்த எடுப்பில் பாய்ந்து சின்னம்மாவை முந்துவேன். புளியமரம் வருவதற்குள் நாக்கு தள்ளிவிடும். அவள் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போவாள்.

"மொதல்ல எரியறது கற்பூரம்டி. குப்புன்னு புடிக்கும், பொசுக்குன்னு போயிரும். அப்பறம் வெறகு புடிக்கணும். அதுக்குக் காத்து வேணும். மூச்ச நல்லா இழு."

அவள் விலங்கியல் படித்தவள். தசைக்குள் தயாராக இருக்கும் சக்தி கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும், அப்புறம் உடம்பு சர்க்கரையை எரிக்க ஆரம்பிக்கும், மூச்சு எட்டாத வேகத்தில் ஓடினால் தொடை காந்தும் என்றெல்லாம் சொல்வாள். வயிறு நிறைந்திருந்தால் ரத்தத்துக்கு அங்கேயும் வேலை, காலிலும் வேலை, இரண்டும் கெட்டுவிடும் என்பாள். ஓடி முடித்ததும் அவள் தொடையைத் தொட்டுப் பார்ப்பேன். சுடும். உள்ளே நிஜமாகவே அடுப்பு எரிகிறது என்று நம்பி, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. துணைக்குப் போக நான் முதல் நாளே மாமா வீட்டில் படுத்திருந்தேன். விடிவதற்கு முன்பே அடுப்படியில் மாமா. தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் வராத மனிதர், தன் கையால் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, துடுப்புப் போட்டுக் களி கிளறிக்கொண்டிருந்தார். தங்கை மேல் எவ்வளவு பாசம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய் அளவு உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"வெறும் வயித்துல ஓடுனா மயக்கம் வரும் கண்ணு. வயிறு ரொம்பத் தின்னு."

சின்னம்மா தட்டையே பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அண்ணன் ஆசையாகச் செய்ததை எப்படி வேண்டாமென்பது? மாமா வண்டியைத் துடைக்க வாசலுக்குப் போனதும் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"சீக்கிரம் முழுங்குடி. சத்தம் போடாத."

சொல்ல வேண்டுமா! விழுங்கினேன். மாமா திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்தார். "அதுக்குள்ள ஆயிருச்சா?" என்று சந்தோஷமாக இன்னொரு உருண்டையும் நாலு துண்டு கறியும் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார். அதையும் விழுங்கினேன். சின்னம்மா தின்றதெல்லாம் ஒரே ஒரு வாழைப்பழம்.

தருமபுரி மைதானத்துக்குள் ஓடுகிறவர்களை மட்டும்தான் விட்டார்கள். நானும் மாமாவும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். விசில் ஊதியதும் என்னால் நிற்க முடியவில்லை. வேலியை ஒட்டி நானும் ஓடினேன். மற்ற பெண்கள் பிய்த்துக்கொண்டு பறந்தார்கள். சின்னம்மா கடைசிக்கு முந்தி. "ஓடு சின்னம்மா, ஓடு!" என்று கத்தினேன். பாதிச் சுற்றில் முன்னால் போனவர்களின் கற்பூரம் தீர்ந்தது. ஒவ்வொருத்தியாகத் துவண்டார்கள். சின்னம்மாவின் விறகு அப்போதுதான் பிடித்தது. ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, எனக்கு அடையாளமே தெரியாத முகத்தோடு கடைசி வளைவில் வந்தாள்.

அதே வளைவில் எனக்கு விலாவில் சுருக்கென்று பிடித்தது. கால் கல்லாகிவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். இரண்டு உருண்டைக் களியும் கோழியும், விழுங்கியது விழுங்கியபடியே வெளியே வந்தன. வாந்தி எடுத்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தேன். சின்னம்மா கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்து கிடந்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள். நேரத்துக்குள் வந்துவிட்டாள்! வாயைக்கூடத் துடைக்காமல் குதித்தேன்.

மாமா என் பின்னால் வந்து நின்றிருந்தார். கீழே கிடந்த களியைப் பார்த்தார். மைதானத்துக்குள் பார்த்தார். கோழிக் கறியை வீணாக்கியதற்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

சின்னம்மா வெளியே வந்து, இரைக்க இரைக்க அவர் காலைத் தொட்டாள். "உங்க களிதாங்கண்ணா ஓட வெச்சுது," என்றாள். பொய் என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் தொடையில் ஒரு கிள்ளு. மாமா தங்கையின் தலையில் கையை வைத்தார், எடுக்க வெகுநேரமாயிற்று.

மாமா இளவட்டத்தில் சுற்று வட்டாரத்தில் பேர்போன கபடி ஆட்டக்காரர். அன்று அங்கேயே எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, துண்டால் என் வாயைத் துடைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஓடறதுக்கு முன்னாடி யாராச்சும் களி திம்பாங்களா கண்ணு?"

நியாயந்தான் என்று தலையாட்டினேன். அப்படியானால் விடிவதற்கு முன்பே எழுந்து எதற்காக அதைக் கிளறினார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.