யார் எந்த நாடு

மூன்றாம் வகுப்புக்கு ‘உலகத்துப் பிள்ளைகள்’ பாடம் நடத்தி முடித்த கையோடு, ஆண்டு விழாவுக்கு அதையே நிகழ்ச்சியாகப் போடச் சொன்னார்கள். எந்த நிறமானாலும் எல்லோரும் சமம் என்று ஒரு வாரம் தொண்டை வறளக் கத்தியவள் நான். யாருக்கு எந்த நாட்டு வேஷம் என்ற பட்டியலை மட்டும் டீ ஆறுவதற்குள் எழுதி, வகுப்பில் வாசித்துவிட்டேன். ஒரு கண்டத்தையே நாடாக்கி, ஒரு சிறுமியின் பேருக்கு நேரே ஆப்பிரிக்கா என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் ஆப்பிரிக்கா பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது: வகுப்பிலேயே கறுப்பான பிள்ளைக்குத்தான் அதைக் கொடுத்திருந்தேன். உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடந்தேன்; ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். இத்தனைக்கும் நானும் கறுப்புதான். பெண் பார்க்க வந்தவர்கள் என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. இந்தப் பிள்ளை பள்ளியையே வெறுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, வடலூர் ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, செகண்ட் ஷிப்ட் போயிருந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வயித்து வலின்னு சொல்லிகினு படுத்தே கெடக்குதுங்க மிஸ். டாக்டரு ஒண்ணுமில்லன்றாரு.”

வழியெல்லாம் சமாதானங்களைத் தயார் செய்திருந்தேன். பாயில் சுருண்டிருந்தவளிடம், “ஆப்பிரிக்கா டான்ஸ்தான் இருக்கறதுலயே பெருசு. உனக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“புடிக்கும் மிஸ்.” எழுந்து உட்கார்ந்தாள். “நீங்க ஆப்பிரிக்கான்னு சொன்னீங்க. என் பேர சொல்றதுக்கு முன்னாடியே எல்லாரும் என்னப் பாத்துட்டாங்க.”

வெட்கமாக இருந்தது.

“நான் நிறத்தைப் பார்த்துதான் எழுதினேன். தப்பு பண்ணிட்டேன்” என்றேன். “நாளைக்கு வா. உனக்கு வேற நாடு மாத்தித் தரேன்.”

“எனக்கு மட்டுமா?”

சிவந்த பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கா கொடுத்திருந்தேன். அவர்களின் அம்மாக்கள் உடைகளை வாடகைக்கு எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோகூடப் போட்டுவிட்டார்கள்.

“எல்லாருக்கும் மாத்தறேன்” என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை. நாளைக்கு நான் புதுப் பட்டியலை வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.